புனைகதையாசிரியனின் பொழுதுகள்: ஒரு மறுப்பு

நூல் வெளியீட்டு விழாக்களிலும் நினைவுப் பேருரைகளிலும் ஒரு கூற்றுத் தவறாது இடம்பெறுவதுண்டு. எழுத்து ஒரு தவம் என்றும், உண்மையான படைப்பாளி தன் நாளின் ஒவ்வொரு கணத்தையும் அத்தவத்துக்கே ஒப்புக்கொடுத்தவனாயிருத்தல் வேண்டும் என்றும் கூறப்படுகின்றது. வயிற்றுக்காகச் செய்யும் உத்தியோகம் அவனது ஆற்றலைக் குறைக்கும்; பொழுதுபோக்குகள் அவன் கவனத்தைச் சிதறடிக்கும்; திரைப்படமோ அவன் இரசனையையே கெடுத்துவிடும். இவ்வாறு தொழில், பொழுதுபோக்கு, படம் பார்த்தல் ஆகிய மூன்றும் இலக்கியத்தின் முப்பகைகளாக வரிசைப்படுத்தப்படுகின்றன.

இதற்கு நேரெதிரான முகாமிலிருந்தும் ஏறத்தாழ இதே முடிவு வேறு சொற்களில் வெளிப்படுவது கவனத்துக்குரியது. எழுத்தாளன் மக்களின் போராட்டங்களோடு ஒன்றித்து நிற்க வேண்டியவன். ஆகவே அவன் தூண்டிலோடு குளக்கரையில் அமர்வதும், வண்ணத்துப்பூச்சி பிடிப்பதும், திரையரங்கில் மூன்று மணித்தியாலத்தைக் கழிப்பதும் ஓய்வுடைய வர்க்கத்தின் பழக்கங்களே என்று இம்முகாமினர் வாதிடுவர். முன்னையோர் துறவியின் பெயராலும் பின்னையோர் போராளியின் பெயராலும் பேசுகின்றனர். இரு சாராரும் விலக்குவது ஒன்றையே: எழுத்தாளனுடைய சாதாரண நாளை.

எழுத்தாளனின் நாளில் மேசையின் முன் அமர்ந்திருக்கும் பொழுது மட்டுமே இலக்கியத்துக்குரியது, ஏனையவை யாவும் வீண் என்னும் எடுகோளே இவ்விரு வாதங்களுக்கும் அடித்தளமாகும். இவ்வெடுகோள் வரலாற்றுக்கு முரணானது. அத்தோடு, எவர் எழுதலாம், எவர் எழுதலாகாது என்பதையும் அது மறைமுகமாகத் தீர்மானித்துவிடுகின்றது. இக்காரணத்தினாலேயே அதனை மறுப்பது அவசியமாகின்றது.

முழுப்பொழுதும் இலக்கியத்துக்கே ஆட்பட்ட படைப்பாளி என்னும் படிமம் எங்கிருந்து வந்தது? புலவனுக்கு ஊரும் பொன்னும் ஈந்து புரந்த பழைய புரவலர் முறையின் நினைவு அதன் ஒரு கூறு. கலைஞனைச் சாதாரண மாந்தரினின்றும் வேறுபட்ட பிறவியாகக் கண்ட ஐரோப்பிய மனோரதியக் கோட்பாடு மற்றொரு கூறு. புனைகதையோ அச்சியந்திரத்தோடும் சம்பளத்தோடும் வளர்ந்த வடிவம். அலுவலகத்துக்குச் செல்வோரும் ஆசிரியத்தொழில் புரிவோரும் அதனை எழுதினர். அத்தகையோரே அதனை வாசித்தனர். இவ்வடிவத்தின் ஆசிரியனிடத்து அவைப்புலவனின் ஓய்வை எதிர்பார்ப்பது காலவழுவாகும்.

ஆங்கில நாவலாசிரியர் அந்தனி ட்ரொலப்பின் வரலாறு இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. 1834 முதல் 1867 வரை அவர் அஞ்சற் திணைக்களத்திற் பணியாற்றினார். அதிகாலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை முன்வைத்து, கால்மணித்தியாலத்துக்கு 250 சொற்கள் என்னும் கணக்கிலே எழுதிவிட்டு அலுவலகம் செல்வது அவர் வழக்கம். உத்தியோகப் பயணங்களின்போது புகைவண்டியிலும் எழுதினார். இவ்வாறு நாற்பத்தேழு நாவல்களை எழுதி முடித்தார். அவர் இறந்ததன் பின்னர் 1883இல் வெளிவந்த சுயசரிதை இவ்வழக்கத்தை வெளிப்படுத்தியபோது விமரிசகர் பலர் முகஞ்சுளித்தனர். அவருடைய மதிப்பும் நெடுங்காலம் சரிந்து கிடந்தது. நாவல்களில் எவ்வித மாற்றமும் நிகழவில்லை. அவை எழுதப்பட்ட முறை தெரியவந்தது, அவ்வளவே. தச்சன் நாள்தோறும் வேலைக்கு அமர்வதைப் போல எழுத்தாளனும் அமர்ந்தான் என்பதை அவ்விமரிசகராற் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தவக்கோட்பாட்டின் உள்முகம் இதுவே. அது உழைப்பைப் போற்றுவதாகக் காட்டிக்கொண்டு, உழைப்பின் புழுதி ஏட்டிற் படிவதை இழிவாகக் கருதுகின்றது.

இலங்கையையே களமாகக் கொண்ட சான்றொன்றும் உண்டு. லெனாட் வுல்ஃப் 1904ஆம் ஆண்டின் இறுதியில் இந்நாட்டுக்கு வந்து, யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் பணியாற்றியபின், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தார். உப்பளம், சேனைப் பயிர், கால்நடைகளின் கொள்ளைநோய், வழக்கு விசாரணை என்பனவற்றால் நிரம்பியது அவரது நாள். கடமையின் பொருட்டு அவர் எழுதிய நாட்குறிப்புகள் பின்னாளில் நூலுருப் பெற்றன. 1913இல் வெளிவந்த அவருடைய காட்டுக் கிராமத்து நாவல் அந்நாட்குறிப்புகளின் உலகிலிருந்து பிறந்தது. தமக்கு விளங்காத மொழியில் நடைபெறும் வழக்கின் முன் கிராமத்தவர் திகைத்து நிற்கும் நிலையை அந்நாவல் காட்டுகின்றது. நீதவானின் இருக்கையில் அமர்ந்திருந்த ஒருவரே அதனை எழுதினார். தன் அதிகாரத்தின் குருட்டுத்தன்மையை அவர் கண்டுகொண்டது அவ்வதிகாரத்தை நாள்தோறும் பிரயோகித்ததன் விளைவாகும். உத்தியோகம் ஆற்றலை உறிஞ்சிவிடும் என்போர் இதற்கு என்ன விடை கூறுவர்?

ஈழத்துத் தமிழ்ப் புனைகதையின் வரலாறு இவ்வுண்மையை மேலும் வலியுறுத்தும். இங்கு எழுதியோர் ஆசிரியர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் நிர்வாக உத்தியோகத்தர்களாகவும் தொழிலாளர்களாகவும் வாழ்ந்தவர்கள். டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்திற் சிகையலங்காரத் தொழில் செய்தவாறே சிறுகதை எழுதினார். அவரது ‘தண்ணீரும் கண்ணீரும்’ சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966இல் அவர் ஆரம்பித்த ‘மல்லிகை’ பல தசாப்தங்கள் நின்று நிலைத்தது. அவர் தொழில் செய்த நிலையம் எழுத்தாளர் கூடும் இடமாகவும் விளங்கியது. செங்கை ஆழியான் நிர்வாக சேவையிலிருந்தவர். தெளிவத்தை ஜோசப் கணக்காளராகப் பணியாற்றியவர். சவரக்கத்தியும் கோப்பும் கணக்கேடும் இவர்களின் எழுத்துக்குத் தடையாயிருந்தன என்று மட்டும் கூறுவது பாதி உண்மை. ஒருவன் தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டு தன் சாதிப் பெருமையைப் பேசும் விதத்தைச் சலூனில் நிற்பவனைப் போன்று அறிந்தவன் வேறு யார்?

இவ்விடத்து எழக்கூடிய ஆட்சேபத்தைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது. தொழில் எழுத்தைக் கொன்ற சந்தர்ப்பங்கள் இல்லையா? உண்டு. பிராகு நகரில் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் 1908 முதல் 1922 வரை பணியாற்றிய ஃபிரான்ஸ் காஃப்கா, பகல் இரண்டு மணிவரை அலுவலகத்திலும் இரவில் எழுத்திலுமாகத் தம்மை இரண்டாகக் கிழித்துக்கொண்டார். தமது உத்தியோகத்தைப் பற்றி அவர் கொண்டிருந்த மனக்கசப்பு அவரது நாட்குறிப்புகளில் நிறைந்துள்ளது. எனினும் மரஞ்சீவும் இயந்திரங்கள் தொழிலாளரின் விரல்களைத் துண்டிப்பது பற்றியும், அதனைத் தடுக்கும் வழி பற்றியும் விளக்கப் படங்களுடன் அறிக்கை தயாரித்தவரும் அவரே. தண்டனை இயந்திரமொன்றைப் பகுதி பகுதியாக விவரிக்கும் அவரது புகழ்பெற்ற கதையைப் படிப்போர்க்கு அவ்வறிக்கைகள் நினைவில் எழாதிருத்தல் அரிது. தமிழகத்திலோ புதுமைப்பித்தன் பத்திரிகை அலுவலகங்களில் உழைத்து, பின்னர் பிழைப்பை நாடித் திரைப்படத்துறைக்குச் சென்று, காசநோயுற்று 1948இல் நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். இவ்விழப்பை வாழ்க்கை அனுபவம் என்று புகழ்வது கொடுமை. வறுமை எழுத்தாளனுக்கு நல்லது எனக் கூறுவோர், பெரும்பாலும், மாத முடிவிற் சம்பளம் உறுதியாகப் பெறுவோரேயாவர்.

ஆகவே இங்கு முன்வைக்கப்படும் வாதத்தின் எல்லை தெளிவாயிருத்தல் வேண்டும். நேரமின்மை நன்மையன்று. நேரம் வேண்டுவோன் தூய்மையின் பெயரால் அதனைக் கேட்கலாகாது. உழைப்பவனின் உரிமையாகவே கேட்டல் வேண்டும். லெனாட் வுல்ஃபின் மனைவியான வேர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வெளியிட்ட நூலில் இதனையே செய்தார். பெண் புனைகதை எழுதுவதற்கு அவளுக்கென ஓர் அறையும் ஆண்டுக்கு 500 பவுண் வருமானமும் வேண்டும் என அவர் கணக்கிட்டுக் கூறினார். மேதைமை பற்றிய பேச்சை அறையும் பணமும் பற்றிய பேச்சாக அவர் மாற்றியமைத்தார். தவக்கோட்பாட்டினாற் பெரிதும் பாதிக்கப்படுபவள் பெண்ணே என்பதும் இதனாற் புலப்படும். விடியலில் அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, தானும் படிப்பிக்கச் சென்று, மாலையில் மீண்டும் அடுப்படிக்குத் திரும்பும் ஒருத்தியிடம் முழுப்பொழுதையும் இலக்கியத்துக்கு ஒப்புக்கொடு என்பது, எழுதாதே என்பதன் நாகரிகமான வடிவமாகும். ஆண் எழுத்தாளனின் தவம் இடையூறின்றி நடைபெறுவதற்கு எவருடைய பொழுது செலவாகின்றது என்பதையும் அக்கோட்பாட்டினர் ஒருமுறை எண்ணிப்பார்த்தல் நன்று.

தொழிலைப் பற்றியது இதுவாக, பொழுதுபோக்கை நோக்குவோம். பொழுதுபோக்கு என்ற சொல்லே பொழுதை வீணே போக்குதல் என்ற கருத்தைத் தந்துவிடுகின்றது. கையாலும் கண்ணாலும் விரும்பிப் பயிலப்படும் கலைகளுக்கும் இச்சொல்லையே வழங்குவது பொருந்தாது. விளாடிமிர் நபக்கோவ் வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்தவர். 1940களில் ஹாவாட் பல்கலைக்கழக அரும்பொருட்சாலையில் உருப்பெருக்கியின் முன் அமர்ந்து, நீலநிறப் பூச்சிகளின் நுண்ணுறுப்புகளை ஒப்பிட்டு அவர் வகைப்படுத்தினார். அப்பூச்சிகள் ஆசியாவிலிருந்து அலை அலையாக அமெரிக்கக் கண்டத்தை அடைந்தன என 1945இல் அவர் ஊகித்தது, 2011இல் மரபணு ஆய்வினால் உறுதிப்படுத்தப்பட்டது. சதுரங்கப் புதிர்களை ஆக்குவதிலும் அவர் வல்லவர். பொருளைப் பொதுமையிற் காணாது அதன் தனித்தன்மையிற் காணும் பயிற்சியும், வாசகனின் அடுத்த நகர்வை முன்னறிந்து வைக்கும் பயிற்சியும் அவரது நாவல்களில் எங்கிருந்து புகுந்தன என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கையிற் குடியேறியமைக்குக் கடலடியில் நீந்தும் அவரது ஆர்வம் முக்கிய காரணமாகும். 1957இல் வெளிவந்த அவரது கடல் நாவல், திமிங்கிலங்களை மந்தைகளாக மேய்க்கும் எதிர்காலத்தைக் கற்பனை செய்தது. 1961இல் இலங்கையின் தென்பகுதிக் கடலில், மூழ்கிய கப்பலொன்றின் வெள்ளி நாணயங்களை அவருடைய நண்பர் மைக் வில்சனின் குழுவினர் கண்டுபிடித்தனர். 1964இல் அவ்வரலாற்றைக் கிளார்க் நூலாக்கினார். சிவனொளிபாத மலையினதும் சிகிரியாவினதும் சாயல்களை 1979இல் வெளிவந்த மற்றொரு நாவலில் அவர் இணைத்தார். விண்வெளி பற்றி எழுதியவர், பாரமின்றி மிதத்தலைக் கடலடியில் உடலாற் பயின்றிருந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

நபக்கோவ் செல்வக் குடும்பத்திற் பிறந்தவர். கிளார்க் நூல்களாற் பணமீட்டியவர். இவர்களை இந்நாட்டுத் தமிழ் எழுத்தாளனுக்கு முன்மாதிரியாக்கலாமா என இரண்டாம் முகாமினர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் பயில்கலை செல்வர்க்கே உரியது என்னும் முடிவு அதிலிருந்து பெறப்படுவதன்று. கூத்துக்கு மத்தளம் அடிப்பவரும், வீட்டு முற்றத்திற் பூங்கன்று ஒட்டுபவரும், பட்டம் கட்டி வாடைக்காற்றில் ஏற்றுபவரும், கோலமிடுபவரும் செல்வர்கள் அல்லர். பட்டத்தின் முச்சையை விரலளவு மாற்றிக் கட்டினால் அது காற்றில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அறிந்த கை, ஒரு வாக்கியத்திற் சொல்லை இடம்மாற்றுவதன் விளைவையும் விரைவில் அறியும். உழைப்பவனிடமிருந்து விளையாட்டையும் பறித்துவிட்டு, அவனைப் பற்றிய இலக்கியத்தை மட்டும் அவனுக்கு அளிப்பது முற்போக்காகாது.

மூன்றாவதாகக் குற்றஞ்சாட்டப்படுவது திரைப்படம். நாவலொன்றைக் கண்டிக்க வேண்டுமாயின் ‘சினிமாப்பாணி’ என்னும் ஒரு சொல்லே தமிழ் விமரிசனத்தில் நெடுங்காலமாகப் போதுமானதாயுள்ளது. இத்தீர்ப்பை வழங்குவோர் எந்தச் சினிமாவைக் கருதுகின்றனர் என்று கூறுவதில்லை. தற்செயற் சந்திப்புகளும் மிகையுணர்ச்சியும் நிறைந்த வணிகப் படமே அவர்கள் மனத்திலுள்ளது. மட்டமான நாவல்களைக் காட்டி நாவல் வடிவத்தையே தள்ளிவிட அவர்கள் உடன்படமாட்டார்கள். திரைப்படத்துக்கு மட்டும் அந்நீதி மறுக்கப்படுவதேன்?

கிரஹாம் கிறீன் 1935 முதல் 1940 வரை இலண்டன் வார இதழொன்றின் திரைப்பட விமரிசகராயிருந்தார். அக்காலப்பகுதியில் நானூறுக்கு மேற்பட்ட படங்களை அவர் விமரிசித்தார். அவற்றிற் பெரும்பாலானவை நினைவில் நிற்கத்தகாதவை. அவரது மிகச் சிறந்த நாவல்களிற் சில 1938இலும் 1940இலும் வெளிவந்தன. அதாவது, வாரந்தோறும் இருட்டறையில் அமர்ந்து நல்லதும் கெட்டதுமான படங்களைப் பார்த்த அதே ஆண்டுகளில் அவை எழுதப்பட்டன. 1949இல் வெளிவந்த வியன்னா நகரப் படத்துக்குத் திரைக்கதை எழுதுமுன் அதனைக் கதையாகவே எழுதிப் பார்த்தார். முடிவுக் காட்சி குறித்து நெறியாளர் கரல் ரீட்டுடன் முரண்பட்டு, பின்னர் நெறியாளரே சரி என ஒப்புக்கொண்டார். தன் கதையின் முடிவைப் பிறிதொரு கலைஞன் தன்னிலும் நன்கறிந்திருந்தான் என ஏற்கும் பணிவு, தனியறைத் தவத்தில் எளிதிற் கிட்டுவதன்று.

படம் பார்த்தல் எவ்வாறு பயிற்சியாகும் என்பதற்குச் சத்யஜித் ராய் தக்க சான்று. அவர் நெறியாளர் மட்டுமல்லர். ஃபெலுதா துப்பறியும் கதைகளையும் பேராசிரியர் சொங்குவின் கதைகளையும் எழுதிய புனைகதையாசிரியரும் ஆவார். விளம்பர நிறுவனமொன்றில் ஓவியராக வேலை செய்தவாறே 1947இற் கல்கத்தா திரைப்படச் சங்கத்தை நண்பருடன் தொடக்கினார். நாவலொன்று படமாக்கப்படுகின்றது என அறிந்தால், முதலில் அதற்குத் தாமே திரைக்கதை எழுதி, படம் வந்தபின் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவரது பொழுதுபோக்காயிருந்தது. 1950இல் இலண்டனிற் பணிநிமித்தம் தங்கிய சில மாதங்களில் ஏறத்தாழ நூறு படங்களைப் பார்த்தார். விபூதிபூஷணின் நாவலுக்குச் சிறுவர் பதிப்பில் அவர் வரைந்த சித்திரங்கள், 1955இல் வெளிவந்த அவரது முதற் படத்துக்கு முன்னோடியாயின. உத்தியோகம், சித்திரம் வரைதல், படம் பார்த்தல் என்னும் முப்பகைகளும் ஒரே நாளிற் கூடிய வாழ்க்கை அது.

இந்நாட்டுத் தமிழ்ச் சூழலிலும் இவ்வுறவு தோன்றாமலில்லை. காவலூர் இராசதுரையின் எழுத்தில் தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்திய ‘பொன்மணி’ 1977இல் வெளிவந்தது. பத்திராஜ அக்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராகவும் இருந்தவர். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1978இற் படமாகியது. தெளிவத்தை ஜோசப் ‘புதிய காற்று’ என்னும் மலையகப் படத்தின் எழுத்துப்பணியிற் பங்குகொண்டார். இம்முயற்சிகளின் குறைநிறைகள் தனியே ஆராயப்பட வேண்டியவை. எனினும் புனைகதையும் திரைப்படமும் ஒன்றையொன்று கற்கத் தொடங்கியிருந்த வேளையிலே, விமரிசனம் அவ்விரண்டுக்கும் நடுவே வேலியடைத்துக்கொண்டிருந்தது என்பது மறுக்கவியலாத உண்மை.

இவ்வாதம் படம் பார்க்கும் ஒவ்வொருவனையும் கலைஞனாக்கிவிடவில்லை. களைப்பை மறக்கப் பார்க்கும் படம் களைப்பை மறக்கச் செய்கின்றது, அதிலும் தவறில்லை. ஆனால், காட்சி எங்கே வெட்டப்பட்டது, எது காட்டப்படாது விடப்பட்டது, பாத்திரம் பேசாதபோது கதை எவ்வாறு நகர்ந்தது என்னும் வினாக்களோடு பார்ப்பவன் வேறு. அவன் எழுதும் கதையில் ‘அவள் மிகவும் துயருற்றாள்’ என்ற வாக்கியம் அரிதாகவே இடம்பெறும். கழுவிய கோப்பையையே மீண்டும் கழுவிக்கொண்டிருக்கும் ஒரு பெண் இடம்பெறுவாள். இன்றைய மாணவன் கைத்தொலைபேசியின் சிறு திரையிலேயே உலகத் திரைப்படத்தின் பெரும்பகுதியைக் கண்டுவிட இயலும். முன்னைய தலைமுறையினர் திரைப்படச் சங்கங்களையும் தூதரகங்களையும் தேடிச் சென்று கண்டவை இன்று அவன் கைக்குள் உள்ளன. அவனுக்குத் தேவையானது பார்க்கும் முறை. அதனைக் கற்பிக்க வேண்டிய தமிழ்த்துறைகள், அவன் பார்ப்பதையே குறைகூறி அமைதியடைகின்றன.

விமரிசகரும் விரிவுரையாளரும் செய்ய வேண்டியவை சில உள. எழுத்தாளனின் வாழ்க்கை வரலாறு எழுதப்படும்போது, பிறப்பு, நூற்பட்டியல், பரிசுகள் என்பனவற்றோடு, அவன் எவ்வாறு சீவித்தான், எந்நேரத்தில் எழுதினான், அந்நேரத்தை அவனுக்கு மீதப்படுத்திக் கொடுத்தவர் யார், எவற்றை விரும்பிப் பயின்றான், எந்தப் படங்களைப் பார்த்தான் என்பனவும் பதிவாக வேண்டும். ஈழத்து எழுத்தாளர் பலரைப் பற்றிய இத்தகைய செய்திகள் அவர்களோடும் அவர்களின் உறவினரோடும் மறைந்து போகின்றன. புனைகதைப் பாடத்தின் பக்கத்தில் திரைப்பட இரசனைக்கு இடமளிக்கப்படல் வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் சிறுகதைப் போட்டி நடத்துவதோடு நின்றுவிடாது, ஒரு கதையையும் அதன் திரைவடிவத்தையும் அருகருகே வைத்து விவாதிக்கும் மாலைகளை ஒழுங்குசெய்யலாம்.

இவை யாவற்றுக்கும் முன்னதாகச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. விடுதி அறையில் பரீட்சைக் குறிப்புகளுக்கிடையே கதை எழுதும் மாணவியும், நாளைக்கு உத்தியோகத்துக்குச் சென்று இரவில் எழுதப்போகும் மாணவனும், தாம் முழுமையான எழுத்தாளர் அல்லர் என்னும் தாழ்வுணர்ச்சியோடு இப்பல்கலைக்கழகங்களை விட்டு வெளியேறலாகாது. அவ்வுணர்ச்சியை அவர்களிடத்து விதைக்கும் கோட்பாடு எத்துணை உயர்ந்த சொற்களாற் கூறப்படினும், அது மேடையிலும் வகுப்பறையிலும் வெளிப்படையாக மறுக்கப்படல் வேண்டும்.